எண்ணெய் குடிக்காத ஜீப்

உலகத்திலே எத்தனையோ பெரிய நாடுகள் எத்தனையோ பெரிய எஞ்சினியர்மாரை வைத்து வாகனங்களின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கப் பார்த்தன. கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஆறு சிலிண்டர் உள்ள ஒரு கிழட்டு ஜீப்பை, ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல், நோயாளியோடு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அனுப்பிய பெருமை எங்கள் கிராம முன்னேற்றச் சங்கம் ஒன்றுக்கே உரியது. இதை நான் சொல்லவில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது.

நான் கந்தப்பு. சங்கத்தின் களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறவன். இந்தப் புகழுரையில் வரும் பெரிய சொற்கள் எல்லாம் சங்கத்தினுடையவை. தூக்கிக்கொண்டு வந்து இறக்கியது மட்டும் நான்.

எங்கள் ஊர் வல்வெட்டித்துறைக்கு மேற்கே, கடலோடு ஒட்டினது. அந்த ஜீப்பை ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஊரை விட்டுப் போகும்போது எங்களுக்குத் தந்துவிட்டுப் போனது. கொடுத்த வெள்ளைக்காரர் ஒரேயொரு வேண்டுகோள் வைத்தார்: நோயாளரை ஏற்றவேண்டும். மறந்துபோவோம் என்று பயந்தாரோ என்னவோ, கதவுகளிலே “நோயாளர் வண்டி” என்று தமிழில் எழுதுவித்தும் விட்டார். பின்னுக்கு ஒரு நீள சீற். ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் பெற்றோல் எங்கள் பக்கம் வரத் தடை. மண்ணெண்ணெயே பூசைக்குரிய பொருளாகி விட்டிருந்தது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவதுதான் குடாநாட்டு முறை. சூடு ஆறினால் மறுபடியும் பெற்றோல் வேண்டும். எல்லா வாகனமும் அப்படித்தான் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடின. எங்கள் ஜீப்பும் ஓடியது. ஆனால் ஆறு வாயால் குடித்தது.

என் மனைவி பராசக்திக்கு வயிற்றுக்குள் கட்டி. எழும்பி இருக்க ஏலாது, படுக்கத்தான் ஏலும். பஸ்ஸில் ஏறினால் அடுத்த சந்தியில் இறக்கவேண்டி வரும். ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை ஒப்பரேஷன் என்றும், செவ்வாய்க்கிழமை பொழுதுபடமுன் வந்து கட்டிலில் படுக்கவேண்டும் என்றும் பெரிய டொக்டர் திகதி கொடுத்திருந்தார். தவறினால் அடுத்த திகதி எப்போது என்று அவருக்கே தெரியாதாம். மயக்க மருந்து கப்பலில் வரவேண்டும், கப்பல் தன் எண்ணத்துக்கு வரும்.

தலைவரிடம் போனேன். தலைவர் செல்வரட்ணம் கொழும்பிலே பெரிய கந்தோரில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். உடம்பும் பதவிக்குத் தக்கது.

“ஐயா, மனிசியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். ஜீப்பைத் தருவியளே?”

“ஏன் தராமல் விடுவம்? நோயாளருக்கெண்டுதானே ஜீப். ஆனா கந்தப்பு, உது குடிக்கிற குடிக்கு உன்ரை மனிசி கோப்பாய் தாண்டமாட்டா. முதல்லை சிக்கனம் வரட்டும். சிக்கனம் வந்த உடனை முதல் சவாரி அவவுக்குத்தான்.”

அன்றே “எரிபொருள் சிக்கன உபகுழு” உருவானது. அந்த நாள் முதல் சிக்கனத்துக்காக என்னைப்போலப் பிரார்த்தித்தவன் ஊரில் எவனும் இல்லை.

முதற்கூட்டத்தில் செயலாளர் சீவரத்தினம் மாஸ்ரர் எழும்பினார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். “ஆறு சிலிண்டரும் ஒரே வேலையைத்தானே செய்யுது? ஒரே வேலையை ஏன் ஆறு பேர் செய்யவேணும்?” என்று கேட்டார்.

உபகுழுவின் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

“யாகோப்பு, கழட்டலாமோ?” என்றார் தலைவர்.

யாகோப்பு சங்கத்தின் சாரதி, மெக்கானிக்கும் அவன்தான். எதையும் கழற்றுவதில் மன்னன். பூட்டுவதில் அவ்வளவு நாட்டம் இல்லை.

“கழட்டலாம்,” என்றான்.

இரண்டு சிலிண்டருக்குப் பிளக் வயரைக் கழற்றி “கட்டாய ஓய்வு” கொடுக்கப்பட்டது. அடுத்த நாள் ஜீப் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு சந்திவரை போய் வந்தது. எண்ணெய் முன்பைவிடக் கூடக் குடித்தது.

“மிச்ச நாலும் கவலையிலை குடிக்குது,” என்றார் மாஸ்ரர். “பழகப் பழகக் குறைக்கும்.”

இரண்டாவது கூட்டம் பாரம் பற்றியது. கூட்டம் தொடங்கவும் மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றவும் சரியாக இருந்தது. பதுங்குகுழிக்குள் கூட்டத்தைத் தொடர்வதாகத் தீர்மானித்தோம். தலைவர் முதலில் இறங்கினார். அதன்பிறகு அதிலே இடம் இருக்கவில்லை. நாங்கள் வேலியோரம் குப்புறப் படுத்துக்கொண்டு, குழிக்குள் இருந்து வந்த தலைமையுரையைக் கேட்டோம்.

“பாரம்தான் எண்ணெயைக் குடிக்குது. அவசியமில்லாத பாரம் எல்லாத்தையும் இறக்கவேணும்.”

“கதவுகள்?” என்று புல்லுக்குள் இருந்து மாஸ்ரர் கேட்டார்.

“கழட்டலாம்,” என்றான் யாகோப்பு.

கதவுகள் போயின. எஞ்சினை மூடுகிற பொனற் போனது. ஸ்பெயர் ரயர் போனது. கழற்றியவற்றை வைக்கச் சங்கத்தில் இடம் இல்லாதபடியால் தலைவர் தன் வீட்டிலேயே பொறுப்பேற்றார். ஒரு கதவு அவருடைய கோழிக்கூட்டுக்குப் பொருந்தியது. பொழுதுபட்டால் “நோயாளர் வண்டி”யைத் தள்ளிக்கொண்டு கோழிகள் உள்ளே போவதைப் பார்க்க ஒழுங்கு என்றால் இதுவல்லவோ ஒழுங்கு என்று தோன்றும். கடைசியாகப் பின் சீற்றும் போய், தலைவர் வீட்டு விறாந்தையில் விருந்தினருக்கு ஆசனமானது.

வீட்டுக்கு வந்தேன். பராசக்தி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு என்னத்தைக் கழட்டினவை?”

“பின் சீற்.”

முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“அப்ப நான் எதிலை படுத்துப் போறது?”

“சிக்கனத்திலை.”

“அதுக்குப் பஞ்சு வைச்சிருக்கினமோ?”

அவளுக்கு உபகுழுவில் இடம் கொடுக்காதது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்றாவது நடவடிக்கை “விஞ்ஞானபூர்வ ஓட்டப் பரிசோதனை”. குடாநாடு தட்டுப் போலச் சமமான நிலம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு தெரு மட்டும் கடலுக்கு இறங்குகிறது. மாஸ்ரர் அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தார். தெருவின் உச்சியிலே ஜீப்பை நிறுத்தி, முன்னுக்குத் தலைவரும் மாஸ்ரரும் யாகோப்போடு நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள்.

“ஸ்ராட் பண்ணட்டோ?” என்றான் யாகோப்பு.

“முதல்லை பண்ணாமல் பாப்பம்,” என்றார் மாஸ்ரர்.

நான் பின்னாலே கை வைத்தேன். அவ்வளவுதான். ஜீப் பறந்தது. அதற்குத் தலைவரின் பாரமும் உதவியது. அலை நனைக்கிற இடத்தில் மணலில் புதைந்து நின்றது. மாஸ்ரர் எண்ணெய்த் தாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். ஒரு நூல் அளவும் குறையவில்லை.

“ஐயா, இது உலக சாதனை,” என்றார். குச்சியை ஊருக்குத் தூக்கிக் காட்டினார்.

ஊரே கை தட்டியது. பிறகு ஜீப்பை மேலே கொண்டுவரும் சிறு வேலை ஒன்று இருந்தது. நானும் களஞ்சியத்து ஆட்களும் தள்ளினோம். தலைவரும் மாஸ்ரரும் இறங்கவில்லை. இறங்கினால் பரிசோதனையின் நிபந்தனை மாறிவிடுமாம்.

“மாஸ்ரர், ஏறி வாறதும் கணக்கிலை வருமோ?” என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன்.

“அதெப்பிடி வரும்? ஏறிவாறது ஜீப் ஓடினதில்லை. நீங்கள் தள்ளினது.”

இப்படியாகச் சிக்கனம் வந்து சேர்ந்தது. ஆவணியும் வந்து சேர்ந்தது. வாக்குக் கொடுத்த முதல் சவாரியைக் கேட்டுப் போனேன். தலைவர் விறாந்தையில், ஜீப்பின் பின் சீற்றிலே, சாய்ந்திருந்தார். பக்கத்தில் மாஸ்ரர்.

“செவ்வாய்க்கிழமையோ?” என்று தலைவர் நாடியைத் தடவினார். “அண்டைக்கு யாழ்ப்பாணத்திலை எல்லாச் சங்கங்களின்ரையும் கூட்டம். எங்கடை சிக்கன முறையை விளக்கிக் கதைக்கச் சொல்லியிருக்கினம். ஜீப்பிலை போய் இறங்கினாத்தானே மதிப்பு?”

“நல்லதாப் போச்சு ஐயா. அதே பக்கம்தானே. பின்னுக்கு ஒரு பாயை விரிச்சு அவளையும் கிடத்திக்கொண்டு போகலாம்.”

மாஸ்ரர் பதறிவிட்டார். “அதெப்பிடி? ஒரு நோயாளியின்ரை பாரம் எங்கடை கணக்கைக் கெடுத்துப்போடும்.”

“மாஸ்ரர், அவள் இப்ப பாதி மூட்டையும் வரமாட்டாள்.”

“பாதி மூட்டையெண்டாலும் பாரம் பாரம்தான்.”

தலைவருக்கு இரக்க சுபாவம். என் முகத்தைப் பார்த்தார். சீற்றில் இருந்து எழும்பினார். அதுவே ஒரு நிகழ்ச்சி.

“கந்தப்பு, ஜீப்பைத் தரேலாது. ஆனா உன்னை வெறுங்கையோடை அனுப்பவும் மனமில்லை. இந்தச் சீற்றைக் கொண்டுபோ. இதுவும் ஜீப்தானே.”

மாஸ்ரர் அதை அந்த இடத்திலேயே தீர்மானமாக எழுதினார்: “நோயாளியின் பாவனைக்காக ஜீப் பகுதியளவில் விடுவிக்கப்படுகிறது.”

நான் ஜீப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் விடியவே பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை அண்ணை தன் இரட்டை மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சீற்றை வண்டிக்குள் வைத்து வைக்கோல் அடைத்தோம். பராசக்தியைத் தூக்கிக் கிடத்தினேன். தெருப் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து, மாடுகளோடு கதைத்துக் கதைத்து, ஆழ்வாப்பிள்ளை அண்ணை வண்டியை விட்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பராசக்தி பல்லைக் கடித்தாள். நான் அவளைப் பார்ப்பதும் வெயிலைப் பார்ப்பதுமாக நடந்தேன்.

வல்லை வெளியில் போகும்போது பின்னாலே வெடிச்சத்தம். எல்லோரும் குனிந்தோம். எங்கள் ஜீப். கதவில்லை, பொனற் இல்லை, நடுங்கிக்கொண்டு வந்தது. தலைவர் கை காட்டினார். வெள்ளைப் புகையை எங்கள் மேல் விட்டுவிட்டு முந்திப் போனார்கள். பராசக்தி நெடுநேரம் இருமினாள். இருமும்போது வயிற்றைப் பிடித்த அவளுடைய கையை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஜீப்பை மறுபடியும் கண்டோம். நின்றது. தலைவர் குடையைப் பிடித்துக்கொண்டு முன் சீற்றிலேயே இருந்தார். மாஸ்ரர் மதகில் குந்தியிருந்தார். யாகோப்பு எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.

“நல்ல நேரத்துக்கு வந்தாய் கந்தப்பு,” என்றார் தலைவர். “வழியிலை நிண்டு எஞ்சின் ஆறிப்போச்சு. பிடிக்குதில்லை.”

“பெற்றோல் குப்பி எங்கை ஐயா?”

தலைவர் மாஸ்ரரைப் பார்த்தார். மாஸ்ரர் வாழைகளைப் பார்த்தார்.

“பாரமெண்டு வீட்டை வைச்சிட்டு வந்திட்டம்,” என்றான் யாகோப்பு.

தலைவர் தொண்டையைச் செருமினார். “அப்ப ஒண்டு செய்வம். ஆழ்வாப்பிள்ளை, கயிறு இருக்கோ? ஜீப்பை வண்டியோடை தொடுத்துவிடும். மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகலாம்.”

ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஒரு மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னார்: “ஐயா, என்னட்டை இருக்கிறது ரெண்டு சிலிண்டர்தான். ரெண்டும் வேலை செய்யுது. அதிலையும் ஒண்டைக் கழட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”

“அப்ப நான் எண்டாலும் ஏறுறன். கூட்டம் தொடங்கப்போகுது.”

வண்டிக்குள் இருந்து, கண்ணை மூடியபடியே, பராசக்தி மெல்லச் சொன்னாள்: “ஏறலாம் ஐயா. ஆனா மாடுகளின்ரை கணக்குக் கெட்டுப்போகுமெல்லே.”

வாழ்க்கையில் முதன்முறையாக, அந்த ஜீப்பைத் தள்ளாமல் கடந்து போனேன். பொழுதுபடமுன் பராசக்தி பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாள். புதன்கிழமை கட்டியை எடுத்தார்கள். தேங்காய் அளவு என்றார் தாதி. என் மனைவியின் உடம்பில் அவசியமில்லாத பாரம் அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். நீர்வேலியில் நின்ற தலைவரையும் மாஸ்ரரையும் ஜீப்போடு எப்படியோ ஓர் உழவு ரக்ரர் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தது. ஜீப் முற்றத்தில் மாலையோடு நின்றது. தலைவரும் மாஸ்ரரும் பந்தலுக்குள் வராமல் அதன் முன் சீற்றிலேயே இருந்து தலைமை தாங்கினார்கள். மாஸ்ரர் அறிக்கையை வாசித்தார்:

“எமது சங்கத்தின் ஆறு சிலிண்டர் ஜீப், நவீன சிக்கன முறைகளின் பயனாக, எரிபொருள் எதுவும் பாவியாது, நோயாளி ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்த்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.”

முதலில் கை தட்டியவன் நான். பராசக்தி பெண்கள் பக்கத்தில், நேராக, கதிரையிலே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் தட்டினேன்.

“பயன்பெற்றவர் ரெண்டு வார்த்தை கதைக்கலாம்,” என்று தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் எழும்பினேன். “ஐயா, மனிசி உயிரோடை இருக்கிறாள். சீற்றுக்கு நன்றி. சிக்கன உபகுழுவுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் இருக்கு. அவசியமில்லாத பாரமெல்லாத்தையும் இறக்கவேணுமெண்டு தொடங்கினனீங்கள். கதவைக் கழட்டினியள். பொனற்றைக் கழட்டினியள். நோயாளி படுக்கிற சீற்றையும் கழட்டினியள். முன் சீற்றிலை இருக்கிற ரெண்டு பாரத்தை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.”

பந்தலில் எல்லாத் தலையும் ஜீப்பின் முன் சீற்றுப் பக்கம் திரும்பியது. ஜீப்புக்குக் கீழே, மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்த யாகோப்பு, யார் கேட்டது, என்ன கேட்டது என்று பாராமல், பழக்கத்தில் குரல் கொடுத்தான்:

“கழட்டலாம்.”