வலது பக்கத்துப் பாக்கெட்

குழந்தை இயேசுவைப் பார்க்கப் பொன்னும் தூபமும் தூக்கிக்கொண்டு வந்த மூன்று ராஜாக்களையும் வாசலிலேயே நிறுத்தி, "இதெல்லாம் ரொக்கமா, கடனா?" என்று கேட்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாம்பனில் எங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தார். சந்தேக டெய்லர் என்றால் ரயில்வே கேட் வரைக்கும் தெரியும்.

மற்ற மாதங்களில் சாது. டிசம்பர் பிறந்தால் போச்சு. கடனுக்கு வாங்கிய துணியில் கத்தரி வைக்கவே மாட்டார். "வெட்டாத துணியைக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்குவான். நான் வெட்டிப்புட்டா அந்தக் கடன் உன்னோடதான் கெடக்கும்" என்பார். துணியை வெயிலில் பிடிப்பார், முகர்வார். ஆனால் தீர்ப்பு சொல்வது நம் காலைப் பார்த்துத்தான். கடன்காரன் கால் மாற்றி மாற்றி நிற்பானாம்.

மாதா கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை ஒருமுறை, "அந்தோணியார் மேல சத்தியமா ரொக்கம்" என்றார்.

"ரொக்கத்துக்கு வாங்குனவன் அந்தோணியாரை எதுக்குய்யா சாட்சிக்கு இழுக்கிறான்? எடுத்துட்டுப் போ."

நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். தூத்துக்குடி மாமனார் முதல்முறையாகக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் போட்டார். மகளை ஒரு பஞ்சப்பரதேசிக்குக் கொடுத்துவிட்டோமோ என்று அவருக்கு மூன்று வருஷமாகச் சந்தேகம். அதைத் தீர்த்து வைப்பதற்காகத் தனுஷ்கோடிக்குப் போய், கப்பல் சரக்கு விற்கும் கடையில் கோட்டுத் துணி ஒன்றைத் தவணைக்குத் தூக்கி வந்தேன். தவணையை நினைத்தால் துணியைத் தூக்கவே முடியாது. அதனால் நினைக்கவில்லை.

டெய்லர் துணியை முகர்ந்தார். என் காலைப் பார்த்தார். அசையக் கூடாது என்று விறைத்து நின்றதில் எனக்கு இடது கால் மரத்தே போயிற்று.

"வாத்தியாரே, ரொக்கமா?"

"பின்னே?"

"ம்ம். வச்சிட்டுப் போங்க."

அவ்வளவு சுலபமாக விட்டதுதான் எனக்கு இடித்தது. மறுநாள் போனேன். "நாளைக்கு." அதற்கு மறுநாளும் "நாளைக்கு." எட்டிப் பார்த்தால் மிஷின் பக்கத்தில் என் துணியைக் காணோம்.

"அந்த ஆளு துணியை வித்துட்டான்" என்றேன் மனைவி ரோசாலியிடம்.

"சும்மா கெடங்க" என்று அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். அடுப்பில் நெருப்பே இல்லை. இவளும் கூட்டோ?

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கோயில்பிள்ளை மூச்சிரைக்க வந்தார். "வாத்தியாரே, டெய்லரு மூட்டையோட தனுஷ்கோடி வண்டியில ஏறிட்டாரு!"

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் இலங்கை. துணி கொழும்பில் எவன் தோளிலோ, தவணை மட்டும் பாம்பனில் என் தலையில்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. கூடவே ஓடியபடி, "ஏலே, பிடிங்கலே! கொழும்புக்கு ஓடுறான்!" என்று கத்தினேன்.

ஜன்னலில் டெய்லர் தலை தெரிந்தது. "கொழும்புல எனக்கு என்னய்யா சோலி? உங்க துணியைக் கடையில திருப்பிக் குடுக்கப் போறேன். உங்க வீட்டம்மாதான் சொல்லுச்சு. கோட்டுக்குத் தவணை கட்டிட்டுத் தை மாசம் பூரா என்னத்தைத் திம்பீங்க? ரொக்கம்னீங்களே, இப்ப ரெண்டு காலும் எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?"

பிளாட்பாரமே சிரித்தது.

கிறிஸ்துமஸ் காலையில் டெய்லர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே என் கல்யாணக் கோட்டு. அதற்கு முன்பே என் அய்யா போட்டுத் தேய்த்தது. ரோசாலி பெட்டியிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெளுத்த வெளிப்பக்கம் உள்ளே போகும்படி, தையலெல்லாம் பிரித்துப் புரட்டித் தைத்திருந்தார். புத்தம் புதுசு. இடது மார்பில் இருந்த பாக்கெட் மட்டும் வலது பக்கம் வந்துவிட்டது.

வந்து இறங்கிய மாமனார் கோட்டைத் தடவிப் பார்த்தார். "பாக்கெட்டு வலப்பக்கம் இருக்கே, மாப்பிள்ளை?"

"கொழும்பு பேஷன், மாமா."

"கடன்ல எடுத்ததோ?"

"இல்ல மாமா." என் கால் இரண்டும் ஆடாமல் நின்றன.

கூலி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு டெய்லர், "கையில இருக்கும்போது குடுங்க" என்றார். அவர் ஆயுசில் விட்டுவைத்த ஒரே கடன். சம்பளம் வந்த அன்றே கொண்டுபோய் நீட்டினேன். நோட்டை வெயிலில் பிடித்தார், முகர்ந்தார். "இதை யார்ட்ட கைமாத்து வாங்குனீங்க?"

அந்தக் கோட்டு இன்னும் இருக்கிறது. பேனாவைச் செருகப் போகும்போதெல்லாம் கை முதலில் இடது பக்கம் போய்த் தடவும். பாக்கெட் இல்லை என்று தெரிந்தாலும், கை கொஞ்ச நேரம் நெஞ்சிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.