முனியப்பன் கிடாவை அந்தோணியாருக்கு ஏலம் விட்ட கதை

கையில் மைக் வந்துவிட்டால் மனிதனுக்குக் காது கேட்காது. சிலருக்குக் கண்ணும் தெரியாது. எனக்கு இரண்டும் ஒரே நாளில் போயின.

பென்னாகரம் சாலையில் இருக்கும் எங்கள் ஊரின் பழைய அந்தோணியார் கோயில், ஓடு போட்ட சின்னக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிப் பேர் உள்ளே நிற்போம், மீதிப் பேர் வேப்பமரத்தடியில். பக்கத்திலேயே புதுக் கோயிலுக்குக் கடைக்கால் போட்டுத் தூண்களும் எழுப்பியாகிவிட்டது. அதோடு வசூல் நின்றது, தூணும் நின்றது. நான் கட்டுமானக் குழுவில் இருந்தேன். (செல்போன் கடை வைத்திருப்பவன் நன்றாகப் பேசுவான் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.)

அந்தோணியார் திருவிழாவுக்குக் காணிக்கையாக வரும் கோழி, பூசணி, வாழைத்தார், ஆடு எல்லாவற்றையும் பூசை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். அதைச் செய்பவர் எங்கள் உபதேசியார். மணி அடிப்பது, செபம் சொல்லிக் கொடுப்பது என்று கோயில் வேலை எல்லாம் அவர்தான். பேச்சு மட்டும் நிதானம். "இவரு ஏலம் விட்டா கோயில் எம் பேரன் காலத்துலதான் முடியும், ஃபாதர்" என்று சொல்லி, அந்த வருடம் மைக்கை நான் கேட்டு வாங்கினேன்.

ஆரம்பம் அமர்க்களம். பூசணிக்காயைக் கோழி விலைக்கு விற்றேன். கோழியை ஆட்டு விலைக்கு விற்றேன். கூட்டம் கைதட்டியது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஸ்டெல்லா என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

அடுத்து வேப்பமரத்தில் கட்டியிருந்த கறுப்புக் கிடா. கொழுகொழுவென்று இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

"பாருங்க மக்களே! எவ்வளவு பக்தியா இருந்தா மஞ்சக்கயிறு கட்டிக் கொண்டாந்து விட்டிருப்பாங்க!" என்று முழங்கினேன்.

பின்வரிசையில் உபதேசியார் கையைத் தூக்கினார்.

"அதோ, உபதேசியாரே கேக்குறாரு!"

கை சட்டென்று இறங்கியது. பிறகு இரண்டு கைகளும் உயர்ந்து வேகமாக ஆடின.

"இன்னும் ஏத்துறாருய்யா! வுடமாட்டாரு போல!"

அவர் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஃபாதரைத் தேடி ஓடினார். அதற்குள் தருமபுரியிலிருந்து வந்திருந்த சிமென்ட் கடைக்காரர் நல்ல விலைக்குக் கிடாவை எடுத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஃபாதர் வந்தார். முகம் சரியில்லை. "சவரி, அந்த ஆடு யாருதுப்பா?"

"காணிக்கைதானே, ஃபாதர்?"

மூச்சு வாங்கிக்கொண்டே உபதேசியார் சொன்னார்: "எதிர்வூட்டு மாதண்ணன் ஆடுங்க. கயித்த அத்துக்கிட்டு நம்ம பந்தல் வாழையத் தின்ன வந்துச்சு. காணிக்கை ஆடுன்னு நெனச்சு யாரோ புடிச்சுக் கட்டிட்டாங்க. வேணாம் வேணாம்னு கைய ஆட்டுனேன். நீங்க வெலைய ஏத்திட்டீங்க."

மாதண்ணன் குடும்பம் அன்று பகலில் ஊரில் இல்லை. நிறைமாதமாக இருந்த மகள் கவிதாவைப் பரிசோதனைக்காகத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். கவிதாவுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை தங்கவில்லை. இந்த முறை நல்லபடியாகப் பெற்று எடுத்தால் கிடா வெட்டுவதாக முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த ஆடு அது. மஞ்சள் கயிற்றின் பொருள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பைக்கை முறுக்கிக்கொண்டு தருமபுரிக்குப் பறந்தேன். வீட்டைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சிமென்ட் கடைக்காரர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி, சரியான நேரத்துக்கு வந்தீங்க! தம் போட்டாச்சு, சாப்புட்டுத்தான் போவணும்." பிரியாணி வாசனை தெருமுனை வரை வந்திருந்தது. பைக்கைத் திருப்பினேன்.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்ததும் ஃபாதரும் நானும் மாதண்ணன் வீட்டுக்குப் போனோம். ஏலப் பணத்தைத் தொடாமல், தன் கைக்காசில் வேறு கிடா வாங்கித் தருவதாக ஃபாதர் சொன்னார். மாதண்ணன் கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் கத்தவில்லை.

"வேற ஆடு வாங்கலாங்க, ஃபாதரு. ஆனா நேந்து வுட்டது அதுங்களே."

உள்ளே அவர் மனைவி பாப்பாத்தி அக்கா அழுதுகொண்டிருந்தார். கதவோரம் கவிதா நின்றாள். வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

புதுக் கிடா வந்தது, மஞ்சள் கயிறும் கட்டினார்கள். ஆனாலும் பிரசவம் வரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று ஸ்டெல்லா வந்து சொன்னாள். நான் மட்டும் தூங்கினேனா? காலையில் அந்தோணியாரிடம் முட்டி போட்டேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முனியப்பன் கோயிலுக்குப் போய்த் தள்ளி நின்று, "தப்பு என்னுதுங்க, அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று கும்பிட்டேன். (எந்த வேதத்தில் இதற்கு இடம் என்று நான் யாரையும் கேட்கவில்லை.)

பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். முனியப்பனுக்குக் கிடா வெட்டிய அன்று ஃபாதரையும் என்னையும் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். குழந்தையை என் கையிலும் கொடுத்தார்கள். இருந்தாலும், சந்தோஷமாக இருக்க வேண்டிய பேறுகாலத்தின் கடைசி நாட்களை அந்தப் பெண் பயந்தே கழித்தாள். அதை எந்தக் கிடாவாலும் ஈடு செய்ய முடியாது. ஏலத்துக்கு முன்னால் "இது யாருது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புதுக் கோயில் இப்போது எழும்பி நிற்கிறது. மாதண்ணன் பேத்தியும் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குச் சளி பிடித்தாலும், செருப்புத் தொலைந்தாலும் பாப்பாத்தி அக்கா எனக்குத்தான் போன் போடுகிறார். போன வாரமும் போட்டார்.

"சவரி, இவ கணக்குல பெயிலுப்பா."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்?"

"எல்லாம் அன்னிக்கு நீ கிடாவ வித்த வெனதாம்பா. வந்து டியூசன் எடு."

சாயங்காலமானால் போய்க்கொண்டிருக்கிறேன்.