நான்காம் அத்தியாயத்துக்கு முன் ஓர் “ஆகா!”

அடுத்த அறையிலிருந்து “ஆகா!” என்று ஒரு சத்தம் கேட்டது.

பருப்புச் சட்டிக்குள் அகப்பையோடு நின்ற என் கை அப்படியே உறைந்துபோனது. வாசகரே, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருந்தால் யாருக்கோ லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோசப்பட்டிருப்பீர்கள். எனக்கோ விசயம் தெரியும். எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் அழகர் தம்பிக்கு மறுபடியும் ஊக்கம் பிறந்துவிட்டது. அதாவது, அவருடைய ஆய்வின் நான்காம் அத்தியாயம் மறுபடியும் மூச்சை விட்டுவிட்டது.

அதுவும் இன்றைக்கு! நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்குள் அந்த அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் பல்கலைக்கழகம் அவருடைய பதிவை வெட்டிவிடும். பதிவு போனால் கல்யாணமும் போகும். “ஆய்வு முடியட்டும், ஆய்வு முடியட்டும்” என்று சொல்லியே மூன்று தை மாதங்களைத் தள்ளிப்போட்டவர் இந்தத் தையையும் தள்ளிப்போட்டால், அவருக்காகக் காத்திருக்கும் மாமன் மகள் ஜீவராணி இனிப் பொறுக்கமாட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அழுகிற பெண்ணைச் சமாதானப்படுத்திவிடலாம். அழாத பெண்ணை என்ன செய்வது?

அழகர் தம்பியைப் போன்றவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘ஊக்கப் பேர்வழி.’ கல்வி ஆய்வாளர்களில் இரண்டு வகை உண்டு. ஆய்வை எழுதுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதுவார்கள், கொடுப்பார்கள், பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஊக்கப் பேர்வழி அப்படியா? காலையில் குளித்து, திருநீறு பூசி, என் கையால் பிளேன்டீ வாங்கிக் குடித்து, மேசையில் அமர்ந்து, லெப்டொப்பைத் திறந்து, ‘அத்தியாயம் நான்கு’ என்ற தலைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி, பெரிதாக இருக்கிறதே என்று சிறிதாக்கி, அழுத்தமாக்கி, அடிக்கோடிட்டு, அடிக்கோட்டை எடுத்துவிட்டு, சரி இனி எழுதலாம் என்று விரலை நீட்டுகிற அந்தக் கணத்தில் தலையை நிமிர்த்துவார். சன்னலுக்கு வெளியே நமுனுகுல மலை. மலையின் தோளில் மூடுபனி.

ஆகா!

முடிந்தது கதை. அடுத்த நொடி போன் கையில். ஒரு படம். படத்துக்குக் கீழே, ஊரெல்லாம் போனில் படிக்கிற ‘ஆய்வுக்கு அப்பால்’ என்ற தொடரின் புதிய பகுதி. மலை பொறுமையாக இருக்கிறது, நாமும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று முடியும். மலைக்கென்ன, அதற்குக் கடைசித் தேதியா இருக்கிறது?

ஊக்கம் வர மலைதான் வேண்டும் என்றில்லை. என் அடுப்பில் கேத்தலில் தண்ணீர் கொதித்து மூடி ஆடினால், ‘கொதிக்கும் கேத்தலும் குழந்தை மனமும்’ எழுதுவார். ரயில் எங்கள் ஊர் பதுளையோடு நின்றுவிடுகிறது அல்லவா, அதைப் பார்த்து, ‘கடைசி நிலையமே முதல் நிலையம்’ என்று எழுதிப் பாதி ஊரை அழவைத்தார். எல்ல என்ற ஊரில் ஓர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரைப் பேட்டி காணப் போனவர், வழியில் வெள்ளைக்காரர்கள் பாலத்தின்மேல் நின்று படம் எடுப்பதைப் பார்த்துப் பரவசப்பட்டு, பேட்டியை மறந்து, ‘பாலம் கட்டுகிறவனே ஆசிரியன்’ என்ற கட்டுரையோடு திரும்பினார். பாவம், அந்த அதிபர் மாலைவரை இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் காத்திருந்தாராம்.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்து நன்றாகத்தான் இருக்கும். கேத்தலைப் பற்றிப் படித்துவிட்டு நானே கேத்தலைக் கட்டிப்பிடித்து அழப் பார்த்தேன். சூடாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

இவர்களுக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. “எழுதுறது பெரிசில்ல அக்கா, உள்ளுக்குள்ள ஊறணும்.” “இது வீண் நேரமில்ல அக்கா, இதுவும் ஆய்வுதான்.” எல்லாவற்றுக்கும் மேலாக, “கனிஞ்சா தானா விழும் அக்கா.”

“மாமரம்கூட வருசத்துக்கு ஒருக்கா காய்ச்சுப் பழுத்திருதே தம்பி,” என்றேன் ஒருநாள்.

“ஆகா!” என்றார். அன்றைக்கு மாமரத்தைப் பற்றி எழுதினார்.

கடைவீதியில் போட்டோக்கொப்பி எடுத்து அட்டை கட்டிக்கொடுக்கும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானாவைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார். ஊக்கப் பேர்வழிகள் ஆய்வை எழுதுவதற்கு முன்பே அட்டையைக் கட்டக் கொடுத்துவிடுவார்கள். அழகர் தம்பியும் கொடுத்தார். கருநீல அட்டை, அதில் தங்க எழுத்தில் தலைப்பு, பெயர், வருடம். அடுத்த வருடம் போய், வருடத்தை மட்டும் மாற்றி இன்னோர் அட்டை. அதற்கடுத்த வருடம் இன்னொன்று. இந்த முறை மொஹிதீன் நானா மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்:

“தம்பி, கோவிக்க வேணாம். வருசத்தப் போடவா, இல்லாட்டி எடத்த மட்டும் விட்டு வைக்கவா?”

ஆய்வின் தலைப்பைச் சொல்ல மறந்துவிட்டேனே! தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்பதுதான் தலைப்பு. அருமையான தலைப்பு. தம்பியும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மழையில் நனைந்து, அதே மாதிரிப் பாடசாலைக்கு நடந்து படித்து ஆசிரியர் ஆனவர்தான். மனசு நிறைய அக்கறை உண்டு. அக்கறை மிகுந்துதான் லுணுகலைப் பக்கம் ஜீவராணி படிப்பிக்கும் பாடசாலைக்குக் கிழமைதோறும் போனார். போய் என்ன செய்தார்? நாலு சுவருக்குள் பிள்ளைகள் மனம் திறக்காது என்று அவருக்கு ஓர் ஊக்கம். பாதிப் பாடத்தில் வகுப்பையே எழுப்பி, மேட்டில் இருந்த சவுக்கு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி, காற்றைக் கேட்கச் சொல்லி, “பிள்ளைகளே, நீங்க ஏன் வகுப்புல இருக்கிறதில்ல?” என்று கேட்டார்.

“நீங்க கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க சேர்,” என்றது ஒரு சிறுமி.

அன்றைக்கு ஜீவராணி காலி வாங்குப் பலகைகளுக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பிள்ளைகள் அதற்குப் பிறகு பேசினார்கள். நிறையப் பேசினார்கள். மழை நாளில் ஆற்றைக் கடக்க முடியாததைச் சொன்னார்கள், அம்மா விடியவே தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததைச் சொன்னார்கள், ஒரே சப்பாத்தை அண்ணனும் தங்கையும் நாள் மாற்றி நாள் போடுவதைச் சொன்னார்கள். எல்லாம் லெப்டொப்பில் பதிவாகி இருக்கிறது. அதைத்தான் நான்காம் அத்தியாயமாக எழுத வேண்டும். அதைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன மூடுபனி வரும்.

சரி, இன்றைக்கு வருவோம். “ஆகா!” கேட்டு நான் அடுப்படியில் உறைந்து நின்ற அதே சமயம் வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கையில் குடை, தோளில் பை, சேலைக் கரையில் தோட்டத்துச் சேறு. ஜீவராணி.

“அத்தியாயம் எழுதிட்டாராக்கா?”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “ஆகா! ஆகா!”

இரண்டு! வாசகரே, என் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அவள் நேரே அறைக்குள் போனாள். நான் அகப்பையோடு பின்னாலேயே போனேன். அடுத்தவர் விசயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

“வா ராணி, வா! சரியான நேரத்துல வந்த!” தம்பியின் முகம் பூப்போல மலர்ந்தது. “இப்பத்தான் ஒண்ணு போட்டேன். ‘கடைசி நாளின் அழகு.’ வாசிக்கவா?”

“பஸ்ஸுல வாரப்பவே படிச்சிட்டேன் மச்சான். அழுகை வந்திருச்சு. எங்க வீட்டுல ஏதோ சாவுன்னு நெனச்சு ஒரு ஐயா எழும்பி சீட்டு குடுத்தாரு.”

“அவ்வளவு நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு. அத்தியாயம் எங்க?”

“எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு ராணி.”

“எதுக்குள்ள?”

தம்பி நெஞ்சில் கை வைத்தார். அவள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். சன்னல் வெளிச்சம் அவள் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்தது. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. தம்பியின் கண் விரிந்தது, வாய் திறந்தது, கை போனைத் தேடியது.

“ஆ...”

அவ்வளவுதான் வந்தது. போன் ஜீவராணி கையில் இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள். நான் அகப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பிறகு அவள் மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கனமான மேசை; மெலிந்த பெண். அழகர் தம்பி பண்பானவர் அல்லவா, எதற்கென்று கேட்காமலே ஓடிப்போய் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தார். சன்னலைப் பார்த்திருந்த மேசை சுவரைப் பார்த்தது. சுவரில் கலண்டர் தொங்கியது. கலண்டரில் அருவிப் படம். அதைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். கலண்டர் இருந்த இடத்தில் ஒரு பல்லி.

“அத வச்சும் எழுதுவாருக்கா,” என்றாள் என்னிடம்.

விளக்குமாற்றால் நான்தான் விரட்டினேன்.

வெறும் சுவர். வெள்ளைச் சுவர். மனித குலத்தில் இதுவரை ஒருவருக்கும் ஊக்கம் தராத சுவர். தம்பி அதற்கு முன்னால், பள்ளிக்கு முதல் நாள் வந்த பிள்ளைபோல உட்கார்ந்தார்.

“மச்சான்,” என்றாள் ஜீவராணி. இப்போது குரல் தாழ்ந்திருந்தது. “உங்க சன்னலப் பத்தி ஊரே படிச்சிருச்சு. அக்காவோட கேத்தலப் பத்தி கொழும்புல இருக்கிறவன்கூடப் படிச்சிட்டான். எங்க புள்ளைங்க சொன்னத மட்டும் இன்னும் ஒருத்தரும் படிக்கல. ‘சேர் எங்களப் பத்தி எழுதுற புத்தகம் எப்ப டீச்சர் வரும்’னு தெனம் கேக்குதுங்க. நான் என்ன சொல்ல? மூடுபனி வெலகட்டும்னா?”

தம்பியின் தலை குனிந்தது. அவரை நான் இத்தனை நாளாகப் பார்த்து வருகிறேன். அவருக்கு ஊக்கம் வராமல் வெட்கம் வந்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வருவேன். அத்தியாயம் போயிருந்தா தை மாசம் கல்யாணம். போகலேன்னா, போன அக்காகிட்ட வாங்கிக்கங்க. என்னையத் தேடாதீங்க.”

பதிலுக்குக்கூட நிற்காமல் வெளியே வந்தாள். வாசலில் நின்று குடையை விரித்தாள். “இரு, டீ குடிச்சிட்டுப் போ,” என்றேன்.

“வேணாங்கா. இருந்தா, பாவம்னு மேசையத் திருப்பி வச்சிருவேன்.”

அப்போது உள்ளே ஒரு சத்தம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். “ஆகா” இல்லை. லெப்டொப்பிலிருந்து ஒரு சிறுமியின் குரல்: “மழை பேஞ்சா ஆத்தத் தாண்ட ஏலாது சேர்...” அதைத் தொடர்ந்து டக், டக், டக். நின்றது. குரல் மறுபடி வந்தது. மறுபடி டக், டக், டக். ஜீவராணி என்னைப் பார்த்தாள். இப்போது அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. சட்டென்று திரும்பிப் படியிறங்கினாள்.

வாசகரே, சிரித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நல்லது. இதைப் படிக்க உட்கார்ந்தபோது நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை எது? திருத்த வேண்டிய விடைத்தாளா? போட வேண்டிய பதிலா? யார் உங்களுக்காகக் குடையோடு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்? உங்கள் மேசை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?

எனக்கு இந்த நோய் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜீவராணி வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். கறுப்புக் குடை சின்னதாகிக்கொண்டே போனது, நமுனுகுலவிலிருந்து இறங்கிய மூடுபனி அவள் தோளைத் தொட்டது, அந்தி வெளிச்சத்தில் அந்தச் சேற்றுக் கரைச் சேலைகூடத் தங்கமாக மின்னியது. பின்னால் அடுப்படியில் பருப்பு கருகுகிற வாசம் வீட்டை நிறைத்தது. என் அடிவயிற்றிலிருந்து “ஆ...” என்று ஒன்று புறப்பட்டுத் தொண்டைவரை வந்துவிட்டது.

ஒரு கையால் வாயைப் பொத்தினேன். மறு கையால் கதவைச் சாத்தினேன்.