ராஜா கையில் பைனாகுலர்

"இந்தப் படம் வேண்டாம்," என்றார் வரலாற்றுப் பேராசிரியர், திட்ட வரைவின் முதல் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு மாணவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறுதியாண்டு ஆய்வுக்கு அவர்கள் எடுத்திருந்த தலைப்பு, 'திரைப்படங்களில் வரலாற்று உண்மை'. போன வாரம் அந்தத் தலைப்பைக் கேட்டுவிட்டு, "சபாஷ், இப்பத்தான் உருப்படியா ஒண்ணு யோசிச்சிருக்கீங்க" என்று சொன்னவர் இதே பேராசிரியர்தான். எந்தப் படம் என்பதை இன்றைக்குத்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

படத்தின் பெயர், 'வாளும் வாகையும்'.

"ஏன் சார் வேண்டாம்?" என்றாள் மூத்தவள். தடித்த கண்ணாடிக்கும், எங்கே சின்னப் பிழை இருந்தாலும் தேடிப் பிடிக்கும் குணத்துக்கும் சேர்த்து வகுப்பில் அவளுக்கு லென்ஸ் என்று பெயர். பக்கத்தில் நின்றவள் பதிவேடு. யார் எதைச் சொன்னாலும், தும்மினாலும்கூட, நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"அது... ரொம்பப் பழைய படம். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. எங்கே போய்த் தேடுவீங்க?"

"தேடவே வேண்டாம் சார். டிவியில வந்தப்போ எங்க மாமா பதிவு பண்ணி வெச்சிருக்காரு. ஆரம்பம் மட்டும் இல்லை. கரெண்ட் போயிட்டு வந்தப்புறம்தான் பதிவு பண்ணினாராம். டைட்டில் எதுவும் வரலை, நேரா சண்டையிலதான் ஆரம்பிக்குது."

பேராசிரியருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

மீதிப் பாதி ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல, அவருடைய இளமைக்குப் போக வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடி அலைந்த நாட்களில், ராஜா ராணிப் படம் எடுக்க ஒரு கம்பெனி, சரித்திரம் படித்த ஆள் ஒருவரைத் தேடியது. சிக்கினார். வரலாற்று ஆலோசகர் என்று பதவி. ஆறு வாரம், மூன்று வேளைச் சாப்பாடு. அதற்கெல்லாம் மேலாக, "டைட்டில்ல உங்க பேரு தனியா வரும் தம்பி, பட்டத்தோட போடுறோம்" என்று டைரக்டர் கொடுத்த வாக்கு.

அந்த வாக்குக்காக அவர் விழுங்கியவை கொஞ்சநஞ்சமல்ல. கோட்டை மேல் நின்று ராஜா எதிரிப் படையைப் பைனாகுலரில் பார்த்தார். விழுங்கினார். அரண்மனை ஜன்னலுக்கு வெளியே மின்கம்பம் தெரிந்தது. விழுங்கினார். ராணியின் முதுகில் ஜிப் பளபளத்தது. அதையும் விழுங்கினார். படம் வெளியானபோது, தியேட்டர் இருந்த தெருப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் கல்லூரியில் வேலை கிடைத்தது. போர் நடந்த ஆண்டை ஒன்று தள்ளி எழுதினால் போதும், விடைத்தாளைச் சிவப்பு மையில் குளிப்பாட்டிவிடுகிற கண்டிப்பான ஆள் என்று பெயரும் வாங்கியாயிற்று. அந்தப் பெயரோடு, ராணியின் ஜிப்பை ஒரே வீட்டில் குடிவைக்க முடியுமா?

"இடைவேளை வரைக்கும் நாற்பத்தொரு தப்பு சார்," என்றாள் லென்ஸ் பெருமையாக. "தப்பைப் பூரா பட்டியல் போடறதுதான் எங்க திட்டம்."

பேராசிரியருக்கு அந்தக் கணத்தில் ஒரு யோசனை மின்னியது. பட்டியல் இல்லையென்றால் பைனாகுலரும் இல்லை.

"பட்டியல் போடறதெல்லாம் ஆய்வா?" என்றார் கம்பீரமாக. "மளிகைக் கடைக்காரர்கூட பட்டியல் போடுவார். தப்பு எதுன்னு கேட்காதீங்க. ஏன் நடந்ததுன்னு கேளுங்க. அதுதான் ஆராய்ச்சி!"

பதிவேடு மளமளவென்று எழுதினாள். லென்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம் என்பது கல்லூரி அறிந்த விஷயம்.

"பிரமாதம் சார்! ஏன்னு கேட்டா, அடுத்து யாராலன்னு கேட்கணும். இந்தப் படத்துக்கு ஒரு வரலாற்று ஆலோசகர் இருந்தே தீரணும். அந்த மனுஷன் யாருன்னு கண்டுபிடிச்சு, நேர்ல போய்ப் பேட்டி எடுக்கறோம்!"

தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனவருக்கு, இப்போது வாலும் கையில் இல்லை. மாடு முட்ட வந்துகொண்டிருந்தது.

"பேட்டின்னா சும்மாவா?" என்று தடுக்கப் பார்த்தார். "கேள்வியெல்லாம் முன்கூட்டியே தயார் பண்ணி, யார்கிட்டயாவது கேட்டுச் சரிபார்த்து... ஒரு மாசமாவது ஆகும்."

மறுநாள் காலையிலேயே இருபது கேள்விகளோடு வந்து நின்றார்கள்.

"உங்ககிட்டயே சரிபார்த்துக்கறோம் சார்," என்றாள் லென்ஸ். "நீங்கதான் அந்த ஆலோசகர்னு வெச்சுக்குவோம். சும்மா ஒரு ஒத்திகை."

பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

"முதல் கேள்வி. ராஜா பைனாகுலரை எடுத்தப்போ நீங்க ஏன் தடுக்கலை?"

"தெரியலை."

"அறிவில்லாத ஆளுன்னு எழுதிக்கவா சார்?" என்றாள் பதிவேடு, நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஏம்மா, எடுத்தவுடனே அறிவில்லைன்னா எப்படி? அந்த ஆள் தடுக்கலைன்னு உனக்குத் தெரியுமா?" பேராசிரியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சொன்னான்! 'அந்தக் காலத்துல இது கிடையாதுங்க'ன்னு சொன்னான். 'ராஜாதானே, ஒண்ணு வாங்கியிருக்க மாட்டாரா'ன்னு டைரக்டர் கேட்டாரு. பதில் சொல்றதுக்குள்ள சாப்பாட்டு வண்டி வந்துடுச்சு. எல்லாரும் ஓடிட்டாங்க. அவன் மட்டும் வெயில்ல நின்னு யார்கிட்ட வாதாடுவான், குதிரைகிட்டயா?"

பதிவேட்டின் பேனா ஒரு சொல் விடாமல் ஓடியது.

"நேர்ல பார்த்த மாதிரியே சொல்றீங்களே சார்!" என்றாள் லென்ஸ்.

"கற்பனை," என்றார் பேராசிரியர். "சும்மா ஒரு கற்பனை."

"குதிரைகிட்டயா, கேள்விக்குறி," என்று எழுதி முடித்தாள் பதிவேடு.

போகிற போக்கில் லென்ஸ் இன்னொரு குண்டையும் போட்டாள். திரைப்படக் காப்பகத்தில் முழுப் பிரதி இருக்கிறதாம். டைட்டிலோடு. நூலகர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்களாம், எப்போது வரும் என்று தெரியாதாம்.

பேராசிரியர் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். நூலகர் அம்மா அடுக்குகளுக்கு நடுவில் ஸ்டூல் மேல் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் படம் ஒண்ணு கேட்டாங்களாமே, பொண்ணுங்க. அதுக்கு அவசரமே இல்லை. வரலைன்னாலும் பரவாயில்லை. அதுலயும் டைட்டில் பகுதி சுத்தமா வேண்டாம். சொல்லிட்டேன், டைட்டில் வேண்டாம்."

நூலகர் அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க நிற்கும் அவரைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் இந்த மனிதர் எதற்காகவும் தானே கீழே வந்ததில்லை. எது வேண்டுமென்றாலும் சீட்டு எழுதி அனுப்புவார். பெரிய மனிதர்கள், வேண்டும் என்பதைக் கூச்சப்பட்டு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது அந்த அம்மாவின் அனுபவம்.

"புரியுது சார்," என்றார் ஆறுதலாக. "நீங்க கவலைப்படாம போங்க. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் பேராசிரியரின் அறைக்கே வந்து சொன்னார். "அவசரம்னு நாலு தடவை போன் போட்டேன் சார். டைட்டில்தான் முக்கியம்னும் அழுத்திச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்குள்ள கையில கொடுத்துடறாங்களாம்!"

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத்தான் கல்லூரி முதல்வர் தலைமையில் ஆய்வுத் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் கூட்டம்.

"நன்றி அம்மா," என்றார் பேராசிரியர். வேறென்ன சொல்ல முடியும்?

அன்று மாலை, வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஒரே சட்டையை அவர் நான்காவது தடவையாக மடிப்பதைப் பார்த்து, அந்த அம்மாள் அதைப் பிடுங்கி வைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இதைத்தானேங்க பெருமையாச் சொன்னீங்க? சினிமாவுக்கே சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன்னு. படத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா, வேற படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

"இப்ப அதுவா முக்கியம்? பசங்க முன்னாடி மானம் போகுது!"

"அவங்களாக் கண்டுபிடிச்சாத்தான் மானம் போகும். நீங்களே சொல்லிட்டா அது நேர்மை. பேசாம சொல்லித் தொலைங்க. எனக்கும் சட்டை மிச்சமாகும்."

பேராசிரியர் யோசித்தார். இருபத்தெட்டு வருடமாகச் சுமந்தாயிற்று. மாணவர்களிடம் தினம் தினம் உண்மை, உண்மை என்று முழங்கிவிட்டு, இதை மட்டும் பாயைப் போட்டு மூடலாமா? லென்ஸின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்த நம்பிக்கையை நினைத்தபோது நெஞ்சு என்னவோ செய்தது. சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கே கூட்ட அறையில் உட்கார்ந்துவிட்டார். முதல்வர் அம்மா வந்தார். மாணவிகள் வந்தார்கள். காப்பகத்திலிருந்து படத்தின் குறுந்தகடு இன்னும் வரவில்லை. அது வாயைத் திறப்பதற்குள், தான் திறந்துவிட வேண்டும்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்று எழுந்தார். "இந்தப் பொண்ணுங்க தேடுற வரலாற்று ஆலோசகர் வேற யாரும் இல்லை. நான்தான்."

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். பதிவேடு, வாழ்நாளில் முதல்முறையாக, எழுத மறந்தாள்.

"பைனாகுலர், மின்கம்பம், ஜிப், எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. டைட்டில்ல பேரு வருமேங்கற ஆசையில வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வருஷத்தைத் தப்பா எழுதினதுக்கு உங்களையெல்லாம் எவ்வளவு திட்டியிருக்கேன். என்னை யாரும் திட்டலை. இப்ப நீங்க திட்டலாம்."

யாரும் திட்டவில்லை. லென்ஸின் கண்கள் கலங்கியிருந்தன.

"சார், இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்களே எந்திரிச்சுச் சொல்றதுன்னா... நாங்க செஞ்சிருக்க மாட்டோம் சார்." உடனே அவளுக்குள் இருந்த ஆய்வாளர் விழித்துக்கொண்டார். "மேடம்! ஆலோசகரே எங்க வழிகாட்டி! இதைவிட நேரடிச் சான்று எங்கே கிடைக்கும்?"

முதல்வர் அம்மாவும் நெகிழ்ந்துபோயிருந்தார். திட்டத்தின் தலைப்பைத் தன் கையாலேயே அடித்து, 'ஒரு வரலாற்று ஆலோசகரின் ஒப்புதல் வாக்குமூலம்' என்று மாற்றினார். மூன்று பிரதிகளிலும் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். கல்லூரி இதழில் பேராசிரியரின் படத்தோடு முழுப் பக்கம் போட உத்தரவும் கொடுத்தார். பதிவேடு மூன்றாம் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டே வந்தாள்.

பேராசிரியர் உட்கார்ந்தார். தோள் இரண்டும் பஞ்சாகிவிட்டிருந்தன. நல்ல மனைவி, நல்ல மாணவிகள், நல்ல உலகம். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

அப்போதுதான் நூலகர் அம்மா, கையில் குறுந்தகட்டோடு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். வெளியே அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மன்னிக்கணும் சார், சரியாப் பதிவாகியிருக்கான்னு பார்க்க டைட்டிலை ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்," என்றார் குழப்பமாக. "ஆலோசகர்னு யார் பேருமே அதுல வரலையே. 'இந்தப் படத்துக்கும் வரலாற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை'ன்னு கொட்டை எழுத்துல ஒரு வரிதான் சார் வருது!"