மரத்தளத்தில் தாங்கள் உட்கார்ந்த இடம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மகளும் நலம், தனித்தனியாக நலம். அங்கு தாங்களும் அத்தையும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் தாங்கள், "வீட்ல என்ன விசேஷம் மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். விசேஷம் எதுவும் இல்லாததால், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, "பின்பக்கத்து மரத்தளத்துல நீங்க உட்கார்ந்த இடத்துல எண்ணெய்க் கறை இன்னும் போகலை மாமா" என்று சொல்லிவைத்தேன். அதற்காகத் தாங்கள் மறுபடியும் இங்கே வருவதாக இருந்ததையே ரத்து செய்வீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "எங்கப்பா வந்து இந்த வீட்டுல கால் வைக்கிற வரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க" என்பது உங்கள் மகள் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆகவே தாங்கள் அவசியம் வர வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். கறையைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட எழுதுவதாக இல்லை.

இருந்தாலும் தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்காருவது தங்கள் உரிமை. அந்த இடம் தளத்தின் நட்டநடுவாக அமைந்தது தற்செயல். தாங்கள் ஊருக்குக் கிளம்பியதும் எண்ணெயை உறிஞ்சட்டும் என்று மைதா மாவைத் தூவினேன், எறும்பு வந்தது. எறும்பு போக சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன், சுற்றியிருந்த அழுக்கெல்லாம் போய் கறை மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மாமனார் வந்துட்டுப் போனாரா?" என்றார். தங்களைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவராகக் கண்டுபிடித்தார். ஹார்டுவேர் கடைக்காரரோ, "மூட்டுக்குள்ளேயே இறங்குற தைலம், மரத்துல இறங்காதா சார்?" என்றார். பிறகு தைலத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், அவருக்கும் முழங்கால் வலியாம். அவர் கொடுத்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். மரம் வெளுத்தது, கறை வெளுக்கவில்லை. உப்புத்தாள் போட்டு விடாமல் தேய்த்ததில் அங்கே ஒரு பள்ளம் விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, இப்போது ஒரு காக்கை வந்து குளித்துவிட்டுப் போகிறது. உங்கள் மகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எங்கப்பா உட்கார்ந்த இடத்தையே தோண்டி எடுத்துடுவாரு போலிருக்கு" என்று சுவரிடம் சொன்னாள்.

தாங்கள் மகிழ்ச்சி அடையும்படியான செய்தி, நேற்று கறை அடியோடு போய்விட்டது. தாங்கள் இந்த வீட்டுக்கு வந்துபோனதற்கான அடையாளமே இப்போது கிடையாது. தயங்காமல் வரவும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் அதன்மேல் போட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். தங்களுக்காகவே வாங்கியது என்று எண்ண வேண்டாம், வரும் விருந்தாளிகள் எல்லோருக்கும் அதுதான். விருந்தாளி என்று வருவது தாங்கள் ஒருவர்தான்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது மாமா. எனக்குத் தாங்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கத்தையும், தங்கள் முழங்காலுக்கு என் அக்கறையான விசாரிப்பையும் சொல்லவும்.

தங்கள் ஆசியையும் வருகையையும் வேண்டும்,
மாப்பிள்ளை

பி.கு.: கறை போய்விட்டதாக மேலே எழுதியது பொய். உறையை ஒட்டுவதற்குள் அதை உண்மையாக்கிவிடலாம் என்று பிரஷ்ஷோடு போய்க் குனிந்தேன், நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. உங்கள் மகள் ஒரு வார்த்தை பேசாமல் தாங்கள் விட்டுப்போன தைலத்தை முழுக்கத் தேய்த்து, என்னை அங்கேயே வெயிலில் உட்கார வைத்தாள். எழுந்து பார்த்தால், தங்கள் கறைக்குப் பக்கத்தில் என்னுடையது. மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்து அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் பேசவில்லை. அதற்குத் தாங்கள்தான் வர வேண்டும். தைலம் தீர்ந்துவிட்டது, இரண்டு பாட்டிலாகக் கொண்டுவரவும்.