மீன் இல்லாத ஏரியில் மூன்று தூண்டில்

ஏரிக் காவல்காரருடைய கொட்டகைப் பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. பூட்டுக்காரர் அதன் துவாரத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே, கொஞ்ச நாளாக ஞாயிறுதோறும் தானும் நண்பர்களும் வெறும் கையோடு திரும்புவதைப் பேச்சுவாக்கில் சொன்னார். ஏரிக் கெண்டைகளுக்கு ஏதாவது சீக்கோ என்றும் கேட்டார்.

காவல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒட்டுக்கேட்க அங்கே ஒரு கொக்குதான் நின்றிருந்தது. அதுவும் இளைத்திருந்தது.

"கெண்டை இருந்தாத்தானே சீக்கு வரும்? மதகு ரிப்பேருன்னு யாரையும் உள்ள விடாம வாசல் கேட்டைச் சாத்தி வெச்சிருந்தாங்கல்ல, அப்பவே தண்ணிய வடிச்சு மொத்தத்தையும் வலை போட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்க. இப்ப நிக்கிறது வெறும் மழைத் தண்ணி. ஒரு குஞ்சு கூடக் கிடையாது."

பூட்டு திறந்துகொண்டது. பூட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

மீன் போனதற்காக அவர் கலங்கவில்லை. மனைவி செத்ததிலிருந்து அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சாவியைத் தொலைத்தவர்கள். சாவி கிடைத்ததும் ஓடிவிடுவார்கள். வீட்டில் அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டுவிடுவார். மேசையில் உட்கார்ந்தால் எதிரே இருக்கும் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஞாயிறு விடிந்தால் ஏரிக்கரை. கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். மாவைப் பிசைந்து, அதில் ஏதோ இருமல் மருந்தைக் கலந்து, உருட்டி முள்ளில் குத்துவார். எந்த மருந்து என்று கேட்டால் பதிலே வராது. இன்னொருவர் கணக்கு வாத்தியார். அவருக்கு மாவு என்றால் இளக்காரம். இறகையும் நூலையும் சேர்த்துக் கட்டிய பொய் ஈயை நீளக் கயிற்றில் முடிந்து, சாட்டை மாதிரி தலைக்கு மேல் சுழற்றி வீசுகிற ஈத்தூண்டில்தான் அவருடைய ஆயுதம். அதில் இதுவரை அதிகம் மாட்டியது அவருடைய சட்டைக் காலரும் எதிரே இருந்த மரமும்தான். யாருக்குக் கெண்டை சிக்கினாலும் அதை ஈரச் சாக்கில் கிடத்தி, முள்ளை எடுத்து, "போயிட்டு வாங்க" என்று மரியாதையாக ஏரிக்கே அனுப்பி வைப்பது மூவருக்கும் வழக்கம். வேறு எதற்கும் அவர்கள் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

போன ஞாயிறு பூட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். உடனே வாத்தியார், "சலிப்பா இருந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கலாம்," என்றார். மருந்துக்கடைக்காரரும், மீனும் இல்லை மண்ணும் இல்லை, எதற்கு வருகிறோம் என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும் என்று இழுத்தார். இரண்டு பேரும் கழற்றிக்கொள்ள வழி பார்க்கிறார்கள் என்று பூட்டுக்காரருக்குப் பட்டது. இதில் ஏரியில் மீனே இல்லை என்பதும் தெரிந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஏழு நாளும் திங்கட்கிழமைதான்.

காவல்காரரிடம், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பூட்டுக்குக் கூலியும் வாங்கவில்லை.

மறுநாள் சந்தையில் தொட்டியில் உயிரோடு நீந்திய ஒரு சின்னக் கெண்டையை வாங்கினார். அரிந்து தரட்டுமா என்று கேட்ட மீன்காரம்மாவிடம், "வேணாம்மா, அது நல்லா இருக்கணும்," என்றார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சில்லறையைத் தூரத்திலிருந்தே நீட்டினாள்.

அன்று பகல் முழுக்க மீன் அவருடைய குளியலறை வாளியில் கிடந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை அதனோடு பேசிக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் குரல் கேட்டது அன்றைக்குத்தான். இருட்டுவதற்குள் வாளியைச் சாக்கால் மூடி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய், தங்கள் கரையில் விட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அது வாத்தியாருடைய பொய் ஈயைக் கவ்வியது.

வாத்தியார் பேயறைந்த மாதிரி நின்றார். இத்தனை காலத்தில் ஈத்தூண்டிலில் அவருக்குச் சிக்கிய முதல் கெண்டை அது. பிறகு அதைச் சாக்கில் கிடத்தினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மருந்துக்கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் மேய்ந்த மீனை வாத்தியார் சாட்டை வீசி அந்தப் பக்கம் விரட்டிவிட்டாராம்.

"மீனென்ன உம்ம வீட்டு மாடா?" என்றார் வாத்தியார்.

பேச்சு தடித்தது. வாத்தியார் எதிர்க்கரைக்குப் போய்விட்டார். ஒரு மீனை விட்டு நட்பைக் காப்பாற்றலாம் என்று கிளம்பிய பூட்டுக்காரர், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று நடுவில் உட்கார்ந்து நொந்துகொண்டார். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தபடி அன்றைய பொழுது போனது.

இதற்கும் ஒரே மருந்து மருந்துக்கடைக்காரருக்கு ஒரு மீன் என்று முடிவு செய்தார். அடுத்த வாரம் இன்னொரு சின்னக் கெண்டையை வாங்கி, அவர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே விட்டார். நன்றிகெட்ட மீன். ஏரியைக் குறுக்கே நீந்திக் கடந்து, எதிர்க்கரையில் வாத்தியாரிடமே போய் மாட்டியது. மருந்துக்கடைக்காரர் மாவு டப்பாவை மூடினார். அடுத்த வாரம் தன்னால் வர முடியுமோ என்னவோ என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அந்த வாரம் பூட்டுக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடையில் ஒருவருடைய அலமாரிச் சாவியை வெட்டப்போய் வீட்டுச் சாவியை வெட்டிக் கொடுத்துவிட்டார். கடைசியில் துணிந்து, வாளி கொள்கிற மட்டும் சின்னக் கெண்டைகளாக வாங்கினார். பேருந்தில் ஒன்று துள்ளி நடத்துநருடைய பைக்குள் விழுந்தது. அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லி நடத்துநர் தகராறு செய்தார். ஒரு வழியாக எல்லாவற்றையும் ஏரியில் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போனார்.

இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒரே கரையில்தான் நின்றார்கள், ஆனால் முகம் பார்க்கவில்லை.

தூண்டிலைப் போட்ட மாத்திரத்தில் மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று. அவர் அதை எடுத்து முடிப்பதற்குள் வாத்தியாருக்கு ஒன்று. சாக்கில் இடம் போதாமல் மருந்துக்கடைக்காரர் தன் துண்டை நனைத்து வாத்தியாருக்கு விரித்துக் கொடுத்தார். வாத்தியார் அவருக்கு ஈத்தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தார்; முதல் வீச்சிலேயே முள் வாத்தியாருடைய தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏரிக்குள் போனது. மூன்று பேரும் சிரித்தார்கள். பூட்டுக்காரருக்குச் சிரிக்கும்போது தாடை வலித்தது. அவ்வளவு நாளாயிற்று.

அப்போதுதான் அவருடைய தூண்டில் வளைந்தது.

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மூவருமாகச் சேர்ந்து கரையேற்றினார்கள். சாக்கை விட நீளமான கிழட்டுக் கெண்டை, வாளியில் தலை கூட நுழையாது. நண்பர்கள் இரண்டு பேரும் அவர் தோளைத் தட்டி, கையைக் குலுக்கி, அவருக்கு இனிமேல் நல்ல காலம்தான் என்றார்கள். பூட்டுக்காரர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் வாங்கவில்லை.

அப்படியானால் ஏரியில் முன்பிருந்தே மீன் இருந்திருக்கிறது. அவர் வாளி சுமந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அது கூடப் பரவாயில்லை. மீன் சிக்காத வாரம் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள், மீன் சிக்கிய இன்றைக்குத் தோளில் கை போடுகிறார்கள். மீனுக்காகத்தான் வருகிறார்கள், தனக்காக இல்லை. கிழட்டுக் கெண்டையை ஏரியில் விடும்போது "போயிட்டு வாங்க" என்று கூட அவருக்குச் சொல்ல வரவில்லை.

நண்பர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கொட்டகைக்குப் போனார். காவல்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு குஞ்சு கூட இல்லைன்னீங்களே. என் கை நீளத்துக்கு ஒண்ணு வந்துச்சு. எதுக்கு என்கிட்ட பொய் சொன்னீங்க?"

காவல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். தூரத்தில் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்த வாத்தியாரையும், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னது நிஜந்தாங்க, இந்த ஏரிக்குன்னு ஒரு மீன் கிடையாது, அது அவங்க ரெண்டு பேருக்கும் எப்படியோ தெரிஞ்சுபோச்சு, வாத்தியார் ஒரு நாள் வாளியோட வர்றாரு, மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் பெரிய அண்டாவோட வர்றாரு, ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் என்கிட்ட சொல்லிட்டுப் போறது ஒண்ணுதான்: 'பூட்டுக்காரருக்கு மட்டும் தெரியவேணாம், மீன் இல்லைன்னா அந்த மனுஷன் வீட்டை விட்டே வெளிய வரமாட்டாரு.'"