மேல்வீட்டுச் சத்தமும் உங்கள் அக்காவின் காதும்

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்,
ஆகஸ்ட் 2009.

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் ராஜகோபால் அவர்களுக்கு,

அத்தான் சாம்பசிவம் எழுதும் மடல். பாளையங்கோட்டையில் நீங்களும் வீட்டாரும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடல்நலத்துக்குக் குறைவில்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஃபோன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் உங்கள் அக்கா கனகவல்லி இருக்கிறாள், அவளுடைய காது எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரு டாக்டர் மூலமாக அண்மையில்தான் அறிந்துகொண்டேன். அதையும் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்று இந்த அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடிக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு நேர் மேலே ரோகிணி என்று ஒரு தெலுங்குப் பெண், தனியாக இருக்கிறாள், மாதாப்பூர் பக்கம் சாஃப்ட்வேர் வேலை. காலையில் கம்பெனிக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். மேலே ஒரு வீடு இருப்பதே தெரியாமல் நிம்மதியாக இருந்தோம். இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு கார் வருவது நின்றது. கொஞ்ச நாளில் அவளுடைய சோபாவும் சாப்பாட்டு மேஜையும் லாரியில் ஏறிப் போயின. காலி செய்கிறாள் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன். அவள் வீட்டைக் காலி செய்யவில்லை, கூடத்தை மட்டும்தான் காலி செய்திருக்கிறாள். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நான் காபியும் பேப்பருமாகக் கட்டிலில் சாய்ந்தேன், தலைக்கு மேல் ஒரு கூட்டமே ஒரே சமயத்தில் குதித்தது. ஒரு தெலுங்குப் பாட்டு அலற, அதற்கும் மேலே அந்தப் பெண் ஒன், டூ, த்ரீ என்று கத்த, ஒவ்வொரு ஃபோருக்கும் கூரை அதிர்ந்து, மின்விசிறி ஒரு பக்கமாக ஆடி, சுண்ணாம்பு உதிர்ந்து என் காபியில் விழ, நான் டம்ளரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினால் அங்கே எவர்சில்வர் தட்டுகள் தமக்குள் பேசிக்கொண்டிருந்தன. விசாரித்ததில் அதற்கு ஏரோபிக்ஸ் என்று பெயராம். பாட்டுக்கு ஏற்பக் குதித்து உடம்பைக் குறைக்கும் வகுப்பு. காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம், ஞாயிறு மட்டும் விடுமுறை.

கூட இருந்து கஷ்டப்பட ஒரு ஆள் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உங்கள் அக்காவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, உடம்பை அசைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து சாயங்காலம் பிள்ளையார் கோயில் வரை நடந்து போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவாள். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவாள், முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். பக்தி என்று நினைத்தேன். காலைக் கூட்டம் குதிக்கும்போது அவள் என் பக்கத்திலேயே நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். “கேக்குதா?” என்பேன். “என்னது?” என்பாள். “மேல இடிஞ்சு விழுது, கேக்கலையா?” என்றால், “எனக்கு ஒண்ணும் கேக்கலையே, நீங்க சும்மா மேலயே காதை வச்சிக்கிட்டு இருக்கீங்க” என்பாள். இவளுக்குக் காது போய்விட்டதோ என்று பயந்தேன். இந்த ஜூனில் ஃபோன் செய்து உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காது மந்தம் உண்டா என்று கேட்டேனே, அது இதற்குத்தான். அப்போது உங்கள் பெரியப்பாவின் பெயரை இழுத்ததற்கு மன்னிக்கவேண்டும். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவளைச் செகந்திராபாத்தில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவள் அமுக்கிய அமுக்கில் டாக்டர் அசந்துபோனார். காலேஜ் பெண்ணின் காது என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கும் ஒரு தடவை செக் பண்ணிடலாமா சார்?” என்றார்.

அன்றிலிருந்து ஒட்டடைக் கம்பை எடுத்தேன். குதிக்க ஆரம்பித்ததும் கூரையை ஓங்கித் தட்டுவேன். உடனே நிற்கும். ஆஹா என்று உட்காருவேன். கொஞ்சம் கழித்து முன்னைவிட உற்சாகமாகக் குதிப்பார்கள். ஒருநாள் மதியம் நேரில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கைகூப்பி, “சாரி அங்கிள், ரப்பர் பாய் போடறேன்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, போடவும் செய்தாள். முன்பு ‘தட்’ என்று கேட்டது இப்போது ‘தொம்’ என்று கேட்டது, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் அசோசியேஷனில் புகார் கொடுத்தேன்.

ஞாயிறு காலை கீழே கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். செக்ரட்டரி கிருஷ்ணகுமார் என் புகாரை வாசித்தார். ரோகிணி எழுந்து, வேலை போய்விட்டது, போகாத இன்டர்வியூ இல்லை, இந்த வகுப்பும் நின்றால் வீட்டை விற்றுவிட்டு ஊருக்குத்தான் போகவேண்டும் என்று தெலுங்கில் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டாம் மாடி நஸ்ரின், அவளும் குதிக்கிற கூட்டம்தான், “ஐசா நக்கோ கரோ அங்கிள்”, அப்படிச் செய்யாதீர்கள் என்று உருதுவில் கெஞ்சினாள். நான் அசைந்து கொடுக்கவில்லை, நியாயம் நியாயம்தானே. வகுப்பை நிறுத்தச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் செக்ரட்டரி. பாதிக்கு மேல் தூக்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் தூக்கினேன். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் அக்கா எழுந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“இந்தாங்க, நானும் அங்கதான் குதிக்கேன். கோயிலுக்குன்னு சொல்லிட்டு தினமும் அங்கதான் போறேன். என் சர்க்கரை இறங்கினது பிள்ளையாரைச் சுத்தி இல்ல, இந்தப் பிள்ளை குதிக்க வச்சதுலதான்.”

அங்கே நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். செக்ரட்டரி என்னிடம், “சாம்பசிவம் காரு, மேடம் ஏமண்டுன்னாரு?” என்று கேட்டார். மேடம் சொன்னதை நான்தான் மொழிபெயர்க்கவேண்டுமாம். முப்பது வருஷம் மத்திய அரசு நிறுவனத்தில் ஒரு பொய்க் குறிப்பு எழுதாதவன் நான். “மை வைஃப் இஸ் ஆல்ஸோ ஜம்பிங்” என்றேன். நஸ்ரின் கை தட்டினாள். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் ஒரு கை மட்டும் மேலேயே இருந்தது. என்னுடையதுதான், மொழிபெயர்க்கிற அவசரத்தில் இறக்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். “சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?” என்றாள். விட்டிருப்பேன் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன். பிறகு அவளாகவே, “நீங்க கம்பால தட்டுவீங்கல்ல, அப்பதான் நாங்க உக்காந்து மூச்சு வாங்குவோம். அங்கிள் இன்னும் தட்டலையேன்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம்” என்றாள். இதையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே தம்பி என்ற முறையில் நீங்கள் ரயில் ஏறி வந்து, ஐம்பத்தைந்து வயதில் தெலுங்குப் பாட்டுக்குக் குதிப்பது நம் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். இரண்டு வீட்டிலும் நிம்மதி நிலைக்க நெல்லையப்பர் அருள் புரியட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள அத்தான்,
சாம்பசிவம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று சாயங்காலம் அவள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு மேலே போய்விட்டாள். கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது, என்னை யாரும் கவனிக்கவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்குத் தாளம் நிற்கவில்லை, மற்றவர்கள் இறங்கும்போது இவள் ஏறுகிறாள். அதற்கு அவளே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நீங்கள் வரவேண்டாம், நான் இப்படி எழுதியதை அவளிடம் சொல்லவும் வேண்டாம். கட்டிலில் படுத்தபடி இதை எழுதுகிறேன். மேலே எல்லோரும் சேர்ந்து தொம்மென்று விழுகிறார்கள். அதற்குக் கொஞ்சம் பிந்தி, தனியாக ஒரு தொம் விழுகிறது. அது அவள்.